அப்பாவின் சதாபிஷேகத்துக்குக் குடும்பமாகப் போய் வந்தது

அப்பாவுக்கு எண்பது வயது நிறைந்தது சித்திரை மாதத்தில். நாங்கள் நான்கு பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாக அவரையும் அம்மாவையும் திருக்கடையூருக்கு அழைத்துச் சென்று சதாபிஷேகம் செய்துவைத்தது அதற்கடுத்து வந்த மாசியில். பிறந்த நாளுக்கும் விழாவுக்கும் இடையே இத்தனை மாதம் ஏன் என்று உறவினர்கள் பலர் கேட்டார்கள். வயதான பெற்றோருக்கு இப்படியொரு விழா எடுக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவின் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்த நாள்கள் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரவேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் எழுதிவைத்த ஜூன் மாதத்துத் தேதி ஒன்று; ஜாதகத்தில் இருக்கும் சித்திரை மாதத்து ரோகிணி மற்றொன்று. ஓய்வூதியம், ஆதார், மருத்துவக் காப்பீடு எல்லாம் முதல் தேதியைப் பின்பற்றும். கோயில் காரியங்கள் இரண்டாவதைப் பின்பற்றும். சதாபிஷேகமோ ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது என்பதால் அது இந்த இரண்டுக்கும் கட்டுப்படுவதில்லை. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறை வரை ஏறத்தாழ 29.53 நாள், ஆயிரம் பிறைக்கு 29,530 நாள், அதாவது எண்பது ஆண்டும் பத்து மாதமும் என்று அண்ணன் தொலைபேசியிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். எண்பது ஆண்டு எட்டு மாதம் என்று கொள்வோரும் உண்டு, எண்பது நிறைந்த நட்சத்திர நாளிலேயே முடித்துவிடுவோரும் உண்டு. எங்கள் வீட்டுக் குருக்கள் எதையும் மறுக்கவில்லை. ரோகிணி மாதந்தோறும் வருவதால், எங்களுக்கு எந்த மாதம் வேண்டும் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

இந்த நெகிழ்வை நாங்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டோம். சித்திரையில் காவிரிக் கடைமடைப் பகுதியின் புழுக்கம் எண்பது வயது உடம்புக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரையோரத்தைப் படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும். தை அமாவாசையன்று அபிராமி பட்டருக்காக அம்பாள் அமாவாசையைப் பௌர்ணமியாக்கிய கதையை நினைவுகூர்ந்து பெருங்கூட்டம் கூடும். மாசியில்தான் பனி குறைந்து, வெயில் ஏறாமல், சம்பா அறுவடை முடியும் தறுவாயில் ஊர் இதமாக இருக்கிறது. ஆனால் மாசியில் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை. எல்லோருக்கும் தோதான நாளைத் தேடத் தொடங்கியிருந்தால் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டே இருந்திருப்போம்; ஆகவே அப்பாவின் உடம்புக்கு ஏற்ற நாளை முதலில் உறுதிசெய்துவிட்டு, ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் தன் மகளோடு வந்தார். அண்ணிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்தான். மதுரையிலிருந்து அக்கா வீட்டார் அனைவரும் வந்தார்கள். வர முடியாதவர்களுக்காக விழாவைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சுக்கே அம்மா இடம் கொடுக்கவில்லை. எண்பதைக் கடந்தவர் விஷயத்தில் அடுத்த ஆண்டு என்பதைச் சொல்லாமலிருப்பது நல்லது என்பது அவருடைய கருத்து, என்னுடையதும் அதுதான்.

திருக்கடையூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் கோயில் மட்டும் காரணமில்லை. அப்பா பிறந்தது அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொறையாறு. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துக் கோவைக்கு வந்து, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். அவர் கிளம்பிய காலத்தில் பொறையாறு தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. அவர் மட்டும் இன்னும் தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய ஒரே தங்கை, எங்கள் அத்தை, பொறையாற்றிலேயே இருக்கிறார். மூட்டுவலியால் அவரால் கோவைக்கு வர முடியவில்லை, இதய சிகிச்சைக்குப் பிறகு அப்பாவாலும் அங்கே போக முடியவில்லை. இருவரும் நேரில் பார்த்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சடங்குக்கான நேரம் தானாகவே நிரம்பிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளக் குருக்களும் சமையல்காரரும் புகைப்படக்காரரும் இருக்கிறார்கள். வயதானவரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் கவனமாகத் திட்டமிட வேண்டியது, அவர் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கப்போகும் நேரத்தைத்தான். ஒரு நாளுக்கு ஒரு காரியம், மதியத்துக்கு மேல் எதுவும் இல்லை என்ற விதியை அக்காதான் முதலில் வகுத்தாள். நவக்கிரகத் தலங்கள் அனைத்தையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று பட்டியலோடு வந்த தம்பிக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு வழி செய்தோம். இளையவர்களுக்குத் தனி வேன். அவர்கள் வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கும் தாங்களாகவே போய் வந்தார்கள். அப்பா போகவில்லை என்று யாரும் வருந்தவில்லை, அப்பா உட்பட.

புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பயணம் செய்யலாமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். நாங்கள் மணிவாரியாக எழுதிக்கொண்டு போனோம்: காலை எத்தனை மணிக்கு எழுவார், ரயிலில் எவ்வளவு நேரம், சடங்கன்று எப்போது சாப்பிடுவார் என்பவை வரை. அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் இரண்டு முக்கியமான மாற்றங்களைச் சொன்னார். காலையில் போட்டுக்கொள்ளும் நீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளன்று மட்டும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார். சடங்கன்று சாப்பாடு தாமதமானால் சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டோடு சேர்த்தே தள்ளிவைக்க வேண்டும் என்றும், வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஹோமத்தின் முன் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். இவை அப்பாவின் உடம்புக்கும் அவர் உட்கொள்ளும் மருந்துகளுக்கும் ஏற்பச் சொல்லப்பட்டவை. மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். ஆனால் மணிவாரியாக எழுதிக்கொண்டு போவது எல்லோருக்கும் உதவும்.

மாத்திரைகளை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றை அம்மாவின் கைப்பையிலும் மற்றொன்றை அண்ணனின் தோள்பையிலும் வைத்தோம். அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால், அவசரத்தில் பார்க்கும் மருத்துவருக்கு எது என்ன என்று தெரியாது. அட்டையோடு வைப்பதே நல்லது. மருந்துப் பட்டியல், கடைசி இசிஜி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த சுருக்க அறிக்கை ஆகிய மூன்றையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைத்தோம். காது கேட்கும் கருவிக்கு மாற்று பேட்டரியும் எடுத்துக்கொண்டோம். இவ்வளவும் எதற்கு என்று அண்ணன் மகள் கேட்டபோது அம்மா சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: “எமனை உதைச்ச சாமி கோயிலுக்குப் போறோம்னு மாத்திரைப் பெட்டியை வீட்டுலயே வெச்சுட்டா போக முடியும்?”

கோவையிலிருந்து காரிலேயே போய்விடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் பிடிவாதமாக ரயிலையே கேட்டேன். நீண்ட கார் பயணத்தில் வயதானவர்கள், அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதனால் வரும் தலைசுற்றலையும் நீர்க்கடுப்பையும் நான் அம்மாவிடம் முன்பே பார்த்திருக்கிறேன். கோவை–மயிலாடுதுறை ஜனசதாப்தி காலையில் புறப்பட்டு மதியத்துக்கு மேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. உட்கார்ந்து போகும் பகல் வண்டி என்பதால் மேல்படுக்கை, கீழ்ப்படுக்கை என்ற கவலையே இல்லை. கழிப்பறைக்கு மிக அருகிலும் இல்லாமல், தொலைவிலும் இல்லாமல், கதவிலிருந்து சில வரிசை தள்ளி இடம் பிடித்தோம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020ஆம் ஆண்டு மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதை அப்பா ஏற்றுக்கொள்ளவே இல்லை. டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, முழுக் கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்று கரூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு போயிருந்தோம். திருச்சியைத் தாண்டியதும் அவர் பேச்சு கூடிற்று. கும்பகோணத்துக்குப் பிறகு, ஜன்னலுக்கு வெளியே அறுவடை இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, ஆள் விட்டு அறுத்த காலத்துக் கூலி நெல் கணக்கை எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.

சக்கர நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவால் நடக்க முடியும்; ஆனால் கூட்டத்தில் நீண்ட நேரம் நிற்கவோ நடக்கவோ முடியாது. சக்கர நாற்காலி என்றதும் “நான் என்ன நோயாளியா?” என்று மறுத்துவிட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் அவருக்காக ஒன்று எடுத்துவருகிறோம் என்று சொல்லி, மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோனோம். ரயில் நிலையத்தில் அம்மா அதில் சிறிது தூரம் போய்விட்டு, “எனக்குப் போதும், நீங்க கொஞ்சம் உட்காருங்க, நான் கையைக் காலை நீட்டிக்கறேன்” என்று எழுந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி பெரும்பாலும் அப்பாவிடம்தான் இருந்தது, கடைசி வரை அம்மாவின் நாற்காலி என்ற பெயரோடு. பெரிய ரயில் நிலையங்களில் முன்கூட்டிக் கேட்டால் நாற்காலியும் உதவியாளும் கிடைப்பார்கள் என்றாலும், சொந்த நாற்காலி கையில் இருந்தது கோயிலிலும் கடற்கரைச் சாலையிலும் உதவிற்று.

மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லோரும் ஒரே வேனில் போவது மகிழ்ச்சிதான், ஆனால் வேனின் படி முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கிறது. பெற்றோருக்கு மட்டும் கார் வைத்துக்கொண்டோம். வேனில் ஏற வேண்டி வந்தால் பயன்படும் என்று அக்கா ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்திருந்தாள். அது பிறகு காலணி போட, கால் நீட்ட, குளிக்க என்று எதற்கெல்லாமோ பயன்பட்டது.

தங்கும் இடத்தைப் பொறுத்தவரை, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லா விடுதியிலும் இருக்கிறது என்றே சொல்வார்கள். நாங்கள் தரைத்தள அறையின் குளியலறையைக் கதவிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொன்னோம். படத்தில்தான் வாசலில் ஒரு படி உயர்ந்திருப்பதும், தரை வழவழப்பாக இருப்பதும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததும் தெரியும். இவ்வாறு இரண்டு விடுதிகளைத் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு வெந்நீர் வருமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சடங்குகள் அதிகாலையிலேயே தொடங்கிவிடும். அத்தை வீட்டில் பழைய கழிப்பறை என்பதால், கோவையிலேயே சர்ஜிக்கல் கடையில் மடக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிக் கொண்டுபோனோம். அதை வாங்கும்போது சற்றுத் தயங்கினேன். அது இல்லாவிட்டால் அத்தை வீட்டில் அப்பா அரை மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கமாட்டார்.

புதிய இடத்தில் முதல் இரவுதான் வயதானவர்களுக்கு ஆபத்தானது. அப்பா நடு இரவில் எழுந்தபோது, வீட்டுப் பழக்கத்தில் கட்டிலின் இடப்பக்கமாக இறங்கித் திரும்பினார். அங்கே கதவில்லை, சுவர் இருந்தது. அண்ணன் அதே அறையில் தரையில் படுத்திருந்ததாலும் சிறிய இரவு விளக்கு எரிந்ததாலும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கட்டிலையே திருப்பிப் போட்டு, குளியலறை அவர் பழகிய பக்கத்தில் வரும்படி செய்தோம். விடுதிப் பையன்கள் வியப்பாகப் பார்த்தார்கள்.

விடுதிகளே குருக்கள், ஹோமப் பொருள், மாலை, நாதஸ்வரம், சாப்பாடு என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவது அந்த ஊர் வழக்கம். வெளியூரிலிருந்து செல்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் கலசங்கள் எத்தனை, சாப்பாடு எத்தனை பேருக்கு, எத்தனை வேளைக்கு, தட்சிணை தொகைக்குள் அடக்கமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கலசங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துச் செலவு மட்டுமல்ல, சடங்கின் நேரமும் அப்பாவின் தலையில் ஊற்றும் தண்ணீரின் அளவும் கூடும். குறைந்த எண்ணிக்கையைக் கேட்டதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

சடங்கு நாளன்று கோயிலில் எங்களைப் போலவே பல குடும்பங்கள். அறுபது, எழுபது, எண்பது என்று வெவ்வேறு வயதுத் தம்பதியர் மாலையும் கழுத்துமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஹோம குண்டத்தின் புகை அடுத்த குடும்பத்தின் மேல்தான் போகும். முதல் நாள் மாலையிலேயே போய்ப் பார்த்து, காற்று வரும் திறந்த பக்கமாக இடம் வேண்டும் என்று குருக்களிடம் கேட்டுக்கொண்டோம். தரையில் மணை போட்டு உட்கார முடியாது என்றதும், உயரமில்லாத பலகை ஒன்றைப் போட அவரே ஏற்பாடு செய்தார். முடியும் வரை வெறும் வயிறாக இருக்க வேண்டுமா என்றதற்கு, பாலும் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். வயதானவர்களை நாள்தோறும் பார்ப்பவர்கள் என்பதால் கேட்டால் விட்டுக்கொடுக்கிறார்கள். கேட்காவிட்டால் முறைப்படி நடத்துகிறார்கள்.

கலச அபிஷேகத்துக்கு முன்னால் அப்பாவின் காதுக் கருவியைக் கழற்றி ஒரு சின்னஞ்சிறு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, அதை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கருவி நனைந்தால் பயணம் முழுதும் பேச்சே இல்லாமல் போய்விடும். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, வெதுவெதுப்பான நீர் கலந்து ஊற்றும்படி சொல்லியிருந்தோம். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு கலசமாக ஊற்றினார்கள். கருவி இல்லாததால் மேளச் சத்தமோ மந்திரமோ அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஊற்றுகிறவர் முகத்தை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்து, உதட்டசைவில் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் திரைக்குப் பின்னால் உலர்ந்த வேட்டியும் கம்பளித் துண்டும் தயாராக இருந்தன. அதன் பிறகுதான் மீண்டும் மாங்கல்யம் கட்டியது. நிமிர்ந்து பாருங்கள், இன்னொரு முறை கட்டுங்கள் என்று தம்பதியரை நடிக்கவைக்க வேண்டாம் என்று புகைப்படக்காரரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம். படங்கள் சற்று மங்கலாகத்தான் வந்திருக்கின்றன. அவற்றில் அம்மா வெட்கப்படுவது மட்டும் தெளிவாக இருக்கிறது.

வணங்கி ஆசி வாங்குவது யாரும் கணக்கில் கொள்ளாத பெரிய வேலை. வருகிறவர் ஒவ்வொருவரையும் தூக்கிவிடக் குனிந்தால் அப்பாவுக்கு முதுகு போய்விடும். கைப்பிடியுள்ள நாற்காலி போட்டு, அட்சதையை மடியில் வைத்துக்கொடுத்து, பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புதிய பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை அப்பா கோவையிலேயே வங்கியில் மாற்றி வைத்திருந்தார். விழாச் செலவை நாங்கள் நால்வரும் அவரவர் வசதிக்கேற்பப் பகிர்ந்துகொண்டோம், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாதபடி ஒரே கணக்கில் போட்டு. ஆனால் அன்றைய சாப்பாட்டுச் செலவு தன் ஓய்வூதியத்திலிருந்துதான் என்று அப்பா சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. சமையல்காரரின் பட்டியலை வாங்கி, கணக்குப் பிரிவுக்காரரின் பழக்கம் விடாமல், வரிக்கு வரி டிக் அடித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார். வயதானவர்களிடமிருந்து செலவு செய்யும் உரிமையைப் பறித்துவிட்டுப் பரிசு மட்டும் கொடுப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த வெறும் மதியங்கள். அத்தை வீட்டுக்கு இரண்டு மதியங்கள் ஒதுக்கியிருந்தோம். முதல் நாள் இருவரும் அதிகம் பேசவில்லை. யார் யார் போய்விட்டார்கள் என்ற பட்டியல்தான் நீண்டது. இரண்டாம் நாள்தான் பேச்சு பிடித்தது. அதனால்தான் சொல்கிறேன், நீண்ட நாள் கழித்துச் சந்திப்பவர்களுக்கு ஒரே சந்திப்பு போதாது. அக்கா பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். கைப்பேசித் திரையில் காட்டினால் “ம், நல்லா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுபவர்கள், காகிதத்தைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பின் வரிசையில் நிற்பது யார் என்று சண்டை போடத் தொடங்கினார்கள். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதிக்கொண்டோம். மூன்று முகங்களுக்கு அவர்கள் இருவரைத் தவிர வேறு யாராலும் பெயர் சொல்லியிருக்க முடியாது.

அண்ணன் மகளுக்குத் தமிழ் சுமாராகத்தான் வரும். தாத்தாவைப் பேசவைத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று வந்திருந்தாள். “சின்ன வயசு எப்படி இருந்தது தாத்தா?” என்று கேட்டாள். “நல்லா இருந்தது” என்றார். அவ்வளவுதான். பிறகு கேள்விகளை மாற்றிக் கொடுத்தோம்: எந்தத் தெருவில் வீடு, எத்தனை மணிக்கு எழுவீர்கள், ரயிலில் போவதுண்டா. ரயில் என்ற சொல் போதுமானதாக இருந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் மீட்டர்கேஜ் பாதை ஒன்று இருந்தது. 1980களில் அதை மூடிவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நிலையங்களை அப்பா வரிசையாகச் சொன்னார். அத்தை கூடவே சொன்னார். தில்லையாடிக்கு 1915இல் காந்தி வந்ததைத் தங்கள் தந்தை சொல்லிக் கேட்டது, டிக்கெட் இல்லாமல் ஏறியது, பிடித்து இறக்கிவிட்டதால் நடந்து வந்தது, வீட்டில் வாங்கிய அடி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தன. உணர்ச்சியைக் கேட்காமல் பொருளையும் விலையையும் இடத்தையும் கேட்டால் வயதானவர்கள் தாமாகவே மற்றவற்றுக்கு வந்துசேர்கிறார்கள். கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் பதிவுசெய்ததும் உதவிற்று. கேமரா முன்னால் அப்பா அலுவலகத் தமிழில் பேசுவார்.

தரங்கம்பாடிக்கு ஒரு மாலையில் மட்டும் போனோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வரை கார் போகிறது. மணலில் சக்கர நாற்காலி உருளாது என்பதால், கார்க் கதவைத் திறந்துவைத்துக் கடலைப் பார்த்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகள் அலைக்குப் போனார்கள். 1792ஆம் ஆண்டு கட்டப்பட்ட நகர வாயில் வழியாகத் திரும்பும்போது, சின்ன வயதில் பொறையாற்றிலிருந்து நடந்தே வந்து வேர்க்கடலை வாங்கித் தின்றதைச் சொன்னார். வேறு சிறப்பாக எதுவும் நடக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுகூடும் இடத்தில் சொத்துப் பேச்சு தலைதூக்கும். கோவை வீட்டைப் பற்றியோ, பெற்றோர் இனி யாரிடம் இருப்பது என்பதைப் பற்றியோ இந்தப் பயணத்தில் பேசுவதில்லை என்று நாங்கள் நால்வரும் முன்பே முடிவுசெய்திருந்தோம். கடைசி இரவில் அப்பாவே அதை எடுத்தார். தானும் அம்மாவும் கோவை வீட்டை விட்டு எங்கும் வரப்போவதில்லை, அம்மா இருக்கும் வரை அதை விற்கக் கூடாது, அதற்குப் பிறகு நீங்கள் நால்வரும் பேசிக்கொள்ளுங்கள் என்று சில வாக்கியங்களில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். நாங்கள் தொடங்கியிருந்தால் அது பல மணி நேரப் பஞ்சாயத்து ஆகியிருக்கும்.

திரும்பிய பிறகு வரும் களைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பயணம் முழுதும் உற்சாகமாக இருந்தவர், வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் எழுந்திருக்கவே சிரமப்பட்டார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சற்று ஏறியிருந்தன. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்து வைத்திருந்ததால் கவலைப்படத் தேவையில்லாமல் போயிற்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் விழா முடிந்த மறுநாளே விமானம் ஏறாமல், கோவையில் சில நாள் இருந்துவிட்டுப் போகும்படி பயணச்சீட்டு எடுப்பது நல்லது. அந்த நாள்களில்தான் அவர்கள் உதவி உண்மையில் தேவைப்படுகிறது.

அத்தையின் பேரனிடம் சொல்லி, ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். அந்தப் பையனுக்கு மாதந்தோறும் டேட்டா ரீசார்ஜ் செய்வது தம்பியின் பொறுப்பு. பேச்சில் பாதி இன்னும் அந்தப் புகைப்படத்தில் பின் வரிசையில் நிற்பது யார் என்பதைப் பற்றியதுதான். நான் பென்சிலால் எழுதிவைத்த ஒரு பெயர் தவறு என்று அத்தை போன வாரம் உறுதியாகச் சொல்லிவிட்டார், அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.